வீட்டுக்குள் ஒரு வானொலி நிலையம்

மத்திய அலையில் இசை கேட்டுக்கொண்டிருக்கும் வேளையில், அயல்வீட்டுத் தையல் இயந்திரத்தின் மோட்டார் ஓடத் தொடங்கியதும் வானொலிப் பெட்டியிலே கரகரப்பு எழுவதுண்டு. நிலையத்திலும் பழுதில்லை, பெட்டியிலும் பழுதில்லை. இரண்டிற்கும் இடைப்பட்ட வெளியிலேதான் குழப்பம். இதனை அனுபவத்தால் அறிந்த வானொலி நேயர்களுக்கு, இக்காலத்து 'ஸ்மார்ட்' வீடுகளில் நேரும் தொல்லையொன்றை விளங்கிக்கொள்வது அரிதன்று.

அத்தகைய வீடுகளில் மின்குமிழ், கதவுப் பூட்டு, ஆள் நடமாட்டத்தை உணரும் உணரி ஆகியவற்றையெல்லாம் ஒன்றிணைத்து ஆள்வது உள்ளங்கையளவான மையக்கருவி ஒன்று. 'ஹப்' என்பது அதன் வழக்குப் பெயர். கம்பியின்றி வானலை மூலம் ஏவுவதால் அதுவும் ஒரு சிறிய வானொலி நிலையமே. வேற்றுமை ஒன்று உண்டு. வானொலி நிலையம் நேயர் கேட்டாரோ இல்லையோ பேசிச் செல்லும்; மையக்கருவியோ ஏவலுக்கு மறுமொழி எதிர்பார்க்கும். வராவிடின் மீண்டும் ஏவும். பலமுறை ஏவியும் பயனில்லையேல், அப்பொருளைத் தொடர்பற்றது என்று குறித்துவிடும்.

முதிய தாயொருவர் இரவில் எழுந்து நடைவழியாற் குளியலறைக்குச் செல்லும் வீடொன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் அறைவாயிலைத் தாண்டியதும் விளக்குத் தானே எரியவேண்டும். ஆறு நாள் எரிகின்றது. ஏழாம் நாள் எரியவில்லை. என்றுமே எரியாத விளக்காயின் அவர் மின்சூளைக் கையில் எடுத்துச் செல்வார். எரியும் என நம்பி இருளிற் காலெடுத்து வைப்பதிலேயே ஆபத்து உள்ளது. இடையிடையே பிழைக்கும் கருவி, முற்றாகக் கெட்ட கருவியிலும் கொடியது.

இந்நிலையில் வீட்டார் பெரும்பாலும் செய்வது, மையக்கருவியின் நினைவு முழுவதையும் அழித்துப் புதிதாகத் தொடங்குவதே. நோயாளியின் நாடியைப் பார்க்குமுன் அவருடைய மருத்துவக் குறிப்பை எரிப்பதை ஒத்த செயல் இது. ஒவ்வொரு பொருளையும் மீண்டும் இணைக்கும் உழைப்பு ஒருபுறமிருக்க, பழுதின் தடயமும் அழிந்துபோகின்றது. அதனிலும் சிறந்தது ஓர் அப்பியாசக் கொப்பி. எந்நாள், எத்தனை மணிக்கு, எப்பொருள் பிழைத்தது, அவ்வேளை வீட்டில் வேறென்ன இயங்கியது என்று இரண்டு வாரம் குறித்துவந்தாற் போதும். ஒரே பொருள் பிழைக்கின்றதா, ஓர் அறையிலுள்ளவை பிழைக்கின்றனவா, வீடு முழுவதும் பிழைக்கின்றதா என்பது அதிலிருந்து புலப்படும்.

ஒரே பொருளாயின் முதலில் மின்கலத்தை ஐயுறுக. கைத்தொலைபேசித் திரையிலே தோன்றும் நூற்றுவீதத்தை அப்படியே நம்புதல் கூடாது. மீள்மின்னேற்றும் நிக்கல் கலம் ஏறத்தாழ 1.2 வோல்ற்று, சாதாரண அல்கலைன் கலம் 1.5 வோல்ற்று. ஒன்றுக்கென வகுத்த அளவுகோல் மற்றொன்றுக்குப் பொருந்தாது. லிதியம் கலமோ இறுதிவரை தன் வோல்ற்றளவைக் குறைக்காதிருந்து, பின் திடீரெனச் சரியும்.

ஓர் அறையாயின், செய்தி செல்லும் பாதையை ஆராய வேண்டும். 'ஸிக்பீ', 'ஸீ-வேவ்' எனும் முறைகளில் மையக்கருவி எல்லாப் பொருள்களோடும் நேரே பேசுவதில்லை. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் குமிழ்களும் செருகிகளும் இடைநின்று செய்தியைக் கைமாற்றிக் கொடுக்கின்றன. மின்கலத்தில் இயங்குபவை சக்தியைச் சேமிப்பதற்காக உறங்கிக் கிடப்பதால் அப்பணியைச் செய்வதில்லை. மேற்கூறிய வீட்டில், உணரியின் செய்தியை வாங்கிக் கொடுத்தது விறாந்தைக் குமிழ் என்று கொள்க. பிந்தி வீடு திரும்பும் மகன், பழைய வழக்கப்படி சுவரிலுள்ள ஆளியை அழுத்தி அதனை அணைக்கிறான். குமிழோடு தபால்காரனும் உறங்கிவிடுகின்றான். கொப்பியைப் புரட்டினால், விளக்குப் பிழைத்த இரவுகளும் மகன் பிந்தி வந்த இரவுகளும் ஒன்றாகவே இருக்கும். இங்கே பழுது எக்கருவியிலும் இல்லை. கைமாற்றும் பொறுப்பை எப்பொழுதும் மின்சாரத்திலிருக்கும் ஒரு செருகிக்குக் கொடுத்தாற் போதும்.

வீடு முழுவதும் தடுமாறின், அங்கேதான் தையல் இயந்திரத்தின் கதை மீண்டும் வருகின்றது. ஸிக்பீ பயன்படுத்தும் 16 அலைவரிசைகள் 2405 முதல் 2480 மெகாஹேட்ஸ் வரையான மீடிறன்களில் ஐந்தைந்து மெகாஹேட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. 11 முதல் 26 வரை எண்ணிடப்பட்டவை. அதே வெளியில்தான் வை-பையும் குடியிருக்கின்றது. வை-பையின் ஓர் அலைவரிசை ஏறத்தாழ 20 மெகாஹேட்ஸ் அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன் குரலும் உரத்தது. வை-பை தன் 11ஆம் அலைவரிசையில், அதாவது 2462 மெகாஹேட்ஸை நடுவாகக் கொண்டு ஒலிக்கையில், 2460இல் உள்ள ஸிக்பீயின் 22ஆம் அலைவரிசை மூச்சுத் திணறும். நுண்ணலை அடுப்பும் 2450ஐ அண்டியே இயங்குவதால், சமையல் நேரத்தில் மட்டும் தோன்றும் கோளாறுகளுக்கு அதனையும் ஐயுறலாம். ஸீ-வேவ் முறைக்கு இத்தொல்லை இல்லை. ஐரோப்பாவில் அது 868 மெகாஹேட்ஸை அண்டி இயங்குவது.

பரிகாரம் எளிது. வை-பையை வழங்கும் ரவுட்டரை 1ஆம் அலைவரிசைக்கு மாற்றினால், மேற்பகுதி ஸிக்பீக்கு விடப்படும். மையக்கருவியின் அலைவரிசையையும் மாற்றலாம். ஆயின் சில பொருள்கள் புதிய இடத்தைத் தேடி வரமாட்டா, அவற்றை மீண்டும் இணைக்க நேரிடும். ஆகவே ரவுட்டரை நகர்த்துவதே விவேகம். நகர்த்தியபின் அதனைத் தானே அலைவரிசை தேருமாறு விடலாகாது. நேற்றுவரை செவ்வனே இயங்கிய வீடு இன்று காரணமின்றிக் குழம்புவதற்கு, ரவுட்டர் இரவோடிரவாக இடம்மாறியது காரணமாயிருக்கலாம்.

கணினியின் செருகுவாயிற் பொருத்தும் சிறு ஸிக்பீ ஏற்பியைப் பயன்படுத்துவோர்க்கு மற்றொன்றும் கூறவேண்டும். யூ.எஸ்.பி. 3.0 வாயில்களும் கம்பிகளும் 2.4 கிகாஹேட்ஸ் வெளியில் இரைச்சல் எழுப்புகின்றன என்பதை இன்ரெல் நிறுவனம் 2012இல் ஓர் அறிக்கையில் எடுத்துக்காட்டியது. ஏற்பியை ஒரு மீற்றர் நீட்டுக்கம்பியினால் விலக்கி வைப்பதே இதற்கு மருந்து. மையக்கருவியை இரும்பு அலுமாரிக்குள் அழகாக மறைத்து வைப்போரும் உளர். வானொலிப் பெட்டியின் ஏரியலைத் தகரப் பேணிக்குள் வைப்பார் எவருமிலர்.

மின்சாரம் தடைப்பட்டு மீளும்போது எழும் சிக்கல் வேறு. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக்களைக் கண்டவர்களுக்கு அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. மையக்கருவி ரவுட்டருக்கு முன் விழித்துக்கொள்ளின் வீட்டு வலையில் தன் முகவரியைப் பெறாது திகைத்து நிற்கக்கூடும். ரவுட்டரில் அதற்கொரு நிலையான முகவரியை ஒதுக்குவதும், ரவுட்டர் இயங்கத் தொடங்கியபின் அதனை ஒருமுறை அணைத்து ஏற்றுவதும் பயன்தரும்.

இவையனைத்தும் சரியாயிருந்தும் வீடு அசையாதிருப்பின், வீட்டிற்கு வெளியே நோக்கவேண்டும். பல மையக்கருவிகள் ஒரு விளக்கை ஏற்றுவதற்கும் தொலைதூரக் கணினியொன்றின் அனுமதியை வேண்டி நிற்பவை. 'ரிவோல்வ்' எனும் மையக்கருவியை வாங்கியவர்களின் வீடுகளில், அதனை ஆதரித்த சேவை 2016 மே மாதத்தில் நிறுத்தப்பட்டதும் அது பயனற்ற பெட்டியாயிற்று. 'இன்ஸ்ரியோன்' நிறுவனத்தின் கணினிகள் 2022 ஏப்ரிலில் முன்னறிவித்தலின்றி ஓய்ந்தன. அதன் பாவனையாளர் சிலரே அடுத்த ஜூன் மாதத்திற்குள் அதனை வாங்கி உயிர்ப்பித்தனர். அமேசானின் கணினி நிலையம் 2021 டிசம்பர் 7இல் தடுமாறிய வேளையிலும் வீட்டுக் கருவிகள் பல வாளாவிருந்தன.

இதனை அறியும் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். ரவுட்டரை இயங்கவிட்டு, வெளியிலிருந்து இணையத்தைக் கொணரும் கம்பியை மாத்திரம் கழற்றிவிட்டு, நடைவழியில் நடந்து பார்க்க வேண்டும். விளக்கு எரிந்தால் அதனை ஆளும் அறிவு வீட்டுக்குள்ளே இருக்கின்றது. எரியாவிடின் அதன் ஆளி கடல்கடந்த ஊரொன்றில் இருக்கின்றது. அத்தகைய வீட்டார், 2013இல் தொடங்கப்பட்ட 'ஹோம் அசிஸ்ரன்ற்' போன்ற, வீட்டுக் கணினியிலேயே இயங்கும் ஏற்பாட்டிற்கு மாறுவதைப் பற்றிச் சிந்திக்கலாம்.

அதுவரையில் அம்முதியவரின் நடைவழிக்குத் தன்னுள்ளேயே உணரியைக் கொண்ட, எவரோடும் பேசாத ஓர் இரவு விளக்கைச் சுவர்க்குதையிற் செருகிவைப்பது நன்று. பூட்டுக்குரிய இரும்புத் திறப்பையும் அயல்வீட்டிற் கொடுத்து வைத்திருக்கலாம்.