சீழ் பிடித்த பல்லுக்கு ஊசி ஏன் கேட்பதில்லை?

கோவை ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டை ஒட்டிய ஒரு பல் மருத்துவமனை. கன்னம் வீங்கி வந்திருந்த அம்மா கேட்டார்: "ஏனுங்க டாக்டர், ரெண்டு ஊசி போட்டும் வலிக்குதுங்களே, மருந்து பழசுங்களா?"

மருந்து பழசல்ல. ஈறுக்குள் கட்டியிருந்த சீழ்தான் காரணம்.

மரத்துப்போக அவருக்குப் போட்டது லிக்னோகைன். 1943-இல் ஸ்டாக்ஹோமில் நீல்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது. உடன் உழைத்த இளைஞர் பெங்ட் லுண்ட்க்விஸ்ட் அதைத் தன் உடம்பிலேயே ஏற்றிச் சோதித்தார். 1948-இல் சைலோகைன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

நரம்பில் சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதால்தான் வலிச் செய்தி ஓடுகிறது. லிக்னோகைன் அந்த மடையை அடைக்கிறது. அதுவும் நரம்புக்குள் நுழைந்து, உட்புறமிருந்து. நரம்பின் உறை கொழுப்பாலானது. மின்னேற்றம் இல்லாத மூலக்கூறு மட்டுமே அதைக் கடக்கும். உடம்பின் இயல்பான பி.எச். 7.4-இல் நூற்றுக்குச் சுமார் 24 மூலக்கூறுகள் அப்படி இருக்கும். சீழ் கட்டிய இடத்தில் அமிலம் கூடும். பி.எச். 6.4-க்கு இறங்கினால் 24 என்பது 3 ஆகிவிடும். வீக்கத்தில் பெருகும் ரத்த ஓட்டம் மருந்தை வேறு அடித்துக்கொண்டு போகும்.

அந்த மருத்துவர் வீக்கத்தை விட்டு விலகி, கீழ்த்தாடை நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தில் ஊசி போட்டார். சிறிது நேரத்தில் உதடு மரத்தது.

நரம்பை வழியிலேயே மடக்கும் இந்த வித்தைக்கு நம் ஊர் நிறையக் கடன்பட்டிருக்கிறது. லேத்திலும் தறியிலும் கை நசுங்கியவருக்கு, கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே ஒரு ஊசி போட்டால் கை முழுதும் மரத்துவிடும். ஆளை மயக்காமலே அறுவை செய்யலாம். கை அறுவைக்குப் பேர்பெற்ற கங்கா மருத்துவமனையை 1978-இல் தொடங்கிய டாக்டர் ஜே.ஜி. சண்முகநாதன் மயக்கவியல் மருத்துவர் என்பதை நான் பெருமையோடு நினைத்துக்கொள்வேன்.

அளவு மீறினால் இதே மருந்து ஆபத்து. உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம், ரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலின் கலந்திருந்தால் 7 என்பது பொதுவான உச்சவரம்பு. அதைத் தாண்டினால் நாக்கு கூசும், காது இரையும், வலிப்பு வரும், இதயமும் தடுமாறும். லிக்னோகைனைச் சிதைப்பது கல்லீரல். அது பழுதானவருக்கு மருந்து உடம்பில் நெடுநேரம் தங்கும்.

எனவே கல்லீரல் கோளாறு, இதய நோய், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் மரத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். உணர்வு திரும்பும்வரை பக்கத்திலேயே இருங்கள்.