அரியணையில் பிறந்த மரியாதைச் சொற்கள்

துருக்கியரும் பாரசீகரும் பெண்டிரை மரியாதையுடன் விளிக்கும் சொற்களின் பூர்வ சரித்திரத்தை ஆராய்வோமாயின், அவற்றுள் பல அரசவையிலே பிறந்து, நூற்றாண்டுகள் பல கடந்த பின்னரே சாமானியக் குடும்பங்களின் வாசலை எய்தின என்பது புலனாகும்.

தொன்மை மிக்கது 'கத்தூன்'. மங்கோலியாவின் ஓர்க்கோன் நதிப் பள்ளத்தாக்கில் எட்டாம் நூற்றாண்டில் துருக்கிய மன்னர்கள் நாட்டிய கல்வெட்டுகளிலேயே பட்டமகிஷியைக் குறிக்கும் பெயராக இது காணப்படுகிறது. மத்திய ஆசிய வணிகத்தில் தலைசிறந்த சோக்தியரின் பாஷையிலிருந்து துருக்கியர் இதனைப் பெற்றனர் என்பது அறிஞர் பலருடைய கொள்கை. வெறும் அலங்காரப் பெயராக அது இருந்ததில்லை. பதினான்காம் நூற்றாண்டில் வால்கா நதிப் பிரதேசத்தை ஆண்ட உஸ்பெக் கானின் பாசறைக்குச் சென்ற மொராக்கோ யாத்திரிகர் இப்னு பதூதா, மூத்த கத்தூன் சபைக்கு வருங்கால் கான் தாமே எழுந்து கூடார வாயில்வரை சென்று முகமன் கூறி, கைப்பற்றி அழைத்துவந்து, அவர் அமர்ந்த பின்னரே தாம் அமர்ந்ததைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். துருக்கியர் தம் பெண்டிர்க்குச் செலுத்திய கௌரவம் அவரைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்தியது.

'கானும்', 'பேகம்' என்னும் இரண்டும், கான், பேக் என்ற ஆடவர் பட்டங்களோடு 'என்னுடைய' என்று பொருள்படும் துருக்கிய விகுதி சேர்ந்து பிறந்தவை என்பர். தைமூரின் வம்சத்தார் இவற்றிடையே ஒரு நுட்பமான பேதத்தைப் பேணினர்: செங்கிஸ்கானின் வழிவந்த பெண்டிர் கானும்; தைமூரின் வழிவந்தவர் பேகம். பாபரின் தாயார் குத்லுக் நிகார் கானும் என்றும், பாபருடைய மகளும் ஹுமாயூனின் சரித்திரத்தை எழுதிய விதுஷியுமானவர் குல்பதன் பேகம் என்றும் வழங்கப்பெற்றது இதனாலேயே.

பாரசீகத்துக்கே உரிய 'பானு', இஸ்லாத்துக்கு முற்பட்ட சொல். 1967-இல் ஈரானில் முடிசூட்டப்பெற்ற அரசி பாரா, 'ஷாபானு' என்றே அழைக்கப்பெற்றார்.

கத்தூனின் வழிவந்த சொல் இன்றைய துருக்கியில் 'பெண்' என்று மட்டுமே பொருள்படுகிறது. அரசியின் பட்டம் பெண்ணினம் முழுவதற்கும் பொதுப்பெயராயினமையைச் சொல்லின் தேய்வு என்று சிலர் கூறக்கூடும். பெண்குலம் பெற்ற பேறு என்றே யான் கொள்வேன். 1934-இல் துருக்கியக் குடியரசு பழைய பட்டங்களைச் சட்டத்தால் அகற்றி, பெண்டிர்க்குப் 'பயான்' என்னும் புதுச்சொல்லை வகுத்தது. எனினும் மக்கள் பெண்களின் பெயருக்குப் பின், 'கானும்' என்பதன் துருக்கிய வடிவமான 'ஹனிம்' என்று சேர்த்தே இன்றளவும் அழைத்து வருகின்றனர்.