தக்காளியில் உதைக்கும் கணக்கு

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. மாடியில் நாமே போட்டால் என்ன என்று பலருக்கும் தோன்றிய நேரம் அது. விதைத்து, நாற்றெடுத்து நட்டு, பழம் பறிக்க மூன்று மாதமாவது வேண்டும். அதற்குள் விலை இறங்கிவிட்டது. விலையைப் பார்த்து விதைக்கிற விவசாயிக்கும் இதே கதிதான். அவருக்குக் கடனும் சேரும்.

பையும் கோகோபீட்டும் மண்புழு உரமும் சேர்ந்தால் ஒரு செடிக்கு முதல் செலவு சுமார் நூறு ரூபாய். நன்றாகக் கவனித்தால் இரண்டு, மூன்று கிலோ பழம் வரும். சாதாரண விலையில் அது செலவுக்கு ஈடாகாது. செலவைக் குறைக்க வெறும் செம்மண்ணை நிரப்புவார்கள். 20 லிட்டர் பை நனைந்தால் 30 கிலோவைத் தாண்டும், தளம் தாங்க வேண்டும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தந்த மாடித்தோட்டத் தொகுப்பிலும் கோகோபீட் கட்டிதான் இருந்தது. அதை உப்புப் போக அலசாமல் நிரப்பினால் நாற்று கருகும்.

தண்ணீரை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. கோடையில் முப்பது பைக்கு நாளொன்றுக்கு மூன்று குடமாவது வேண்டும். 2019இல் சென்னை ஏரிகள் வற்றி, ஜனம் தண்ணீர் லாரிக்காகக் காத்து நின்றபோது, செடிக்கு மூன்று குடம் என்றால் வீட்டில் சண்டைதான். அரிசி கழுவிய நீர், ஏசியில் சொட்டும் நீர் கைகொடுக்கும். ஆர்ஓ கழிவு நீரில் உப்பு அதிகம். தொட்டிச் செடிக்கு அது ஆகாது.

வெண்டையில் வேறு சிக்கல். இரண்டு செடி வைத்தால் தினம் ஓரிரு காய்தான் வரும். பொரியலுக்குப் போதாது, விட்டுவைத்தால் இரண்டே நாளில் முற்றிப்போகும். நாலு பேர் வீட்டுக்குப் பத்துச் செடியாவது ஒரே சமயத்தில் காய்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் முதலில் வைக்க வேண்டியது கறிவேப்பிலை. கடையில் கொசுறாக வருவதற்கு எதற்கு மெனக்கெட வேண்டும் என்பார்கள். இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலையைப் பூச்சிமருந்து எச்சத்துக்காக ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சோதனைக்கு உட்படுத்துகிறது. கொசுறை நம் ஊரில் யார் சோதிக்கிறார்கள்? வீட்டுச் செடியை எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு தின்னும். காலையில் கையால் பொறுக்கிப் போட்டாலே போதும்.

அடுத்தது கீரை. முளைக்கீரை மூன்றரை வாரத்தில் பறிப்புக்கு வரும். பறித்த பத்தாவது நிமிடம் அடுப்பில் இருக்கும். அந்த ருசியைக் கடைக் கட்டு தராது.

பணக் கணக்கும் நேராக வேண்டுமா, கத்தரி வையுங்கள். காய்ப்பு ஓய்ந்ததும் பிடுங்கிவிடாமல், தண்டை ஒரு சாண் விட்டுக் கவாத்து செய்து தொழுவுரம் போட்டால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். அந்த இரண்டாம் சுற்றுக்குப் பைச் செலவும் நாற்றுச் செலவும் கிடையாது.