காலையில் கண் வீங்கினால்...



"டிரசர் ஐயா, கண்ணு ரெண்டும் வீங்கியிருக்கு. தூக்கம் பத்தலைபோல" என்று பெரட்டு முடிந்ததும் ஓர் அம்மா டிஸ்பென்சரிக்கு வந்தார். இரண்டு வாரமாகவே அப்படித்தானாம். கணுக்காலை அழுத்தினேன், குழி விழுந்தது. சிறுநீரைச் சோதித்தேன், புரதம் கண்டது. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இனிப்புநீர் அவருடைய சிறுநீரகத்தைத் தொட்டிருந்தது. அவருக்கு இனிப்புநீர் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

கண் வீக்கமெல்லாம் இப்படி அல்ல. பயப்பட வேண்டாம். எது சாதாரணம், எது ஆபத்து என்று தெரிந்துகொண்டால் போதும்.

கண்ணைச் சுற்றியுள்ள தோல் மிக மெல்லியது. படுத்திருக்கும்போது நீர் அங்கே எளிதில் தங்கும். பிரிக்பீல்ட்ஸில் கல்யாண விருந்து சாப்பிட்டு, நடுச்சாமத்தில் வீடு திரும்பி, விடியற்காலை வேலைக்கு எழுந்தால் கண் உப்பத்தான் செய்யும். இந்த வீக்கம் மத்தியானத்துக்குள் வடிந்துவிடும். குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம் கண்மேல் வையுங்கள். தலையணையைச் சற்று உயர்த்திப் படுங்கள். கருவாடு, ஊறுகாய், மீ பாக்கெட்டுத் தூள் இவற்றைக் குறையுங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி உப்பே அதிகம்.

அரிப்பும் தும்மலும் சேர்ந்தால் தூசு ஒவ்வாமையாக இருக்கலாம். கண்ணைக் கசக்காதீர்கள். இமையில் கண்கட்டி வந்தால் வெதுவெதுப்பான துணியால் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை ஒத்தடம் கொடுங்கள். பிதுக்கக் கூடாது. பீளை ஒட்டி, கண் சிவந்தால் அது கண்வலி. துண்டும் தலையணையும் தனியாக வையுங்கள், கையை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், செடிப்பால் எதையும் கண்ணில் விட வேண்டாம். பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தும் வேண்டாம்.

மருந்தடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாராகுவாட் 2020இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆனால் மற்ற களைக்கொல்லிகள் தோட்டத்தில் இருக்கவே செய்கின்றன. கண்ணில் தெறித்தால் என்னைத் தேடி ஓடி வராதீர்கள். முதலில் அங்கேயே, இமையைத் திறந்துபிடித்து, சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். அப்புறம் மருந்தின் லேபலோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மண்டோரிடம் அன்றே சொல்லுங்கள். வேலையிடத்து விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். "சின்ன விஷயம்" என்று விட்டுவிட்டால் பின்னால் உரிமை கேட்பது சிரமம்.

கீழ்க்கண்டவை இருந்தால் காத்திருக்கக் கூடாது:

ஒரு கண் மட்டும் சிவந்து வீங்கி, காய்ச்சலும் இருப்பது. பார்வை மங்குவது. கண்ணை அசைக்க வலிப்பது. பூச்சி கடித்தபின் உதடு வீங்கி மூச்சுத் திணறுவது. இவற்றுக்கு உடனே 999க்கு அழையுங்கள், அல்லது கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா போன்ற அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தினமும் காலையில் முகம் உப்பி, காலும் வீங்கி, சிறுநீர் நுரைத்தால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். தொண்டைப்புண்ணோ சிரங்கோ வந்து சில வாரம் கழித்துப் பிள்ளைக்கு முகம் வீங்கி, சிறுநீர் தேநீர் நிறமாகப் போனால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் உண்டு. அவர்களில் ஐவரில் இருவருக்கு அது தெரியவே தெரியாது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். வருஷத்துக்கு ஒருமுறையாவது இரத்தமும் சிறுநீரும் சோதித்துப் பாருங்கள்.

அந்த அம்மா இப்போது மாத்திரையும் பத்தியமுமாக வேலைக்கு வருகிறார். இன்னும் ஆறு மாதம் "தூக்கம் பத்தலை" என்றே இருந்திருந்தால்? யோசித்துப் பாருங்கள்.