கலைந்து போன போட்டோஷாப் திரை: மீட்பது எப்படி?

போட்டோஷாப் தொகுப்பைப் புதிதாகப் பயன்படுத்துபவர்கள் பலருக்கும் ஒரு பிரச்சினை வரும். நேற்று வலது பக்கத்தில் இருந்த லேயர்ஸ் பேனல் இன்று காணாமல் போயிருக்கும். டூல்ஸ் பெட்டி திரையின் நடுவில் மிதந்து கொண்டிருக்கும். வீட்டில் வேறு யாராவது மவுஸால் இழுத்து விட்டிருக்கலாம். நாமே தெரியாமல் ஏதோ ஒரு கீயைத் தட்டியிருக்கலாம். உடனே தொகுப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி, அதை நீக்கிவிட்டு மறுபடியும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். சில கிளிக்குகளில் இதனைச் சரி செய்திடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது

எல்லா பேனல்களும் ஒரே நேரத்தில் மறைந்திருந்தால் டேப் கீயை ஒருமுறை தட்டுங்கள். பேனல்களை மறைப்பதும் காட்டுவதும் இந்தக் கீதான். மெனுவும் சேர்ந்து மறைந்து படம் மட்டும் தெரிந்தால் எப் என்ற எழுத்துக்கான கீயைத் தட்டிப் பாருங்கள். லேயர்ஸ் பேனல் மட்டும் இல்லை என்றால் எப்7 கீ அதனைக் கொண்டு வரும்.

பழைய நிலைக்குத் திரும்ப

பேனல்கள் இடம் மாறிக் கலைந்திருந்தால், விண்டோ மெனுவில் வொர்க்ஸ்பேஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் எசென்ஷியல்ஸ் என்பதில் கிளிக் செய்து, மீண்டும் அதே மெனு சென்று ரீசெட் எசென்ஷியல்ஸ் என்பதில் கிளிக் செய்திடுங்கள். தொகுப்பை இன்ஸ்டால் செய்த அன்று இருந்த தோற்றம் கிடைக்கும். நீங்கள் திறந்து வைத்திருக்கும் படத்திற்கு எதுவும் ஆகாது.

சொந்த அமைப்பைச் சேமிக்க

வொர்க்ஸ்பேஸ் அமைப்பைப் பெயர் கொடுத்துச் சேமிக்கும் வசதி, 2002ல் வெளியான போட்டோஷாப் 7 பதிப்பிலேயே வந்துவிட்டது. இதற்கான வழிகள்:

1. உங்களுக்குத் தேவையான பேனல்களை வேண்டிய இடத்தில் இழுத்து வையுங்கள். தேவையற்றவற்றை மூடி விடுங்கள்.

2. விண்டோ, வொர்க்ஸ்பேஸ், நியூ வொர்க்ஸ்பேஸ் எனச் செல்லுங்கள். பழைய பதிப்புகளில் இது சேவ் வொர்க்ஸ்பேஸ் என்று இருக்கும்.

3. கிடைக்கும் டயலாக் பாக்ஸில் ஒரு பெயர் கொடுங்கள். ஷார்ட்கட் கீகளையும் மெனுக்களையும் நீங்கள் மாற்றியிருந்தால் அவற்றிற்கான கட்டங்களிலும் டிக் அடையாளம் ஏற்படுத்திச் சேவ் செய்திடுங்கள்.

இனி வொர்க்ஸ்பேஸ் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கும். அதில் கிளிக் செய்தாலே உங்கள் அமைப்பு லோட் ஆகிவிடும். வீட்டில் இருவர் பயன்படுத்தினால் ஆளுக்கொரு பெயரில் வைத்துக் கொள்ளலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2010ல் வந்த சிஎஸ்5 பதிப்பு முதல், சேமித்த பிறகு நீங்கள் பேனல்களை நகர்த்தினால் அந்த மாற்றத்தையும் தொகுப்பு நினைவில் வைத்துக் கொள்ளும். அதனால் பெயரில் கிளிக் செய்தும் கலைந்த நிலையே வரலாம். அப்போது ரீசெட் என்பதை உங்கள் வொர்க்ஸ்பேஸ் பெயருடன் காணலாம். அதில் கிளிக் செய்தால் முதலில் சேமித்த நிலை கிடைக்கும். மாறாக, புதிய மாற்றம்தான் வேண்டும் என்றால் ரீசெட் செய்யும் முன் அதே பெயரில் மீண்டும் சேமித்து விடுங்கள்.

விண்டோஸை மறுபடி பதியும் முன்

ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்தால் சேமித்த அமைப்பும் அழிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு வொர்க்ஸ்பேஸும் ஒரு சிறிய பைல்தான். எனவே காப்பி எடுத்து வைக்கலாம். சி டிரைவில் யூசர்ஸ் போல்டரில் உங்கள் பெயருள்ள போல்டரைத் திறந்து ஆப்டேட்டா, ரோமிங், அடோபி, உங்கள் போட்டோஷாப் பதிப்பின் பெயர், அதன் செட்டிங்ஸ் என வரிசையாகச் சென்றால் வொர்க்ஸ்பேசஸ் என்ற போல்டர் இருக்கும். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட போல்டர் என்பதால், எக்ஸ்புளோரரின் வியூ பிரிவில் ஹிடன் ஐட்டம்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்த பின்னரே தெரியும்.

அந்த பைலை பென் டிரைவில் காப்பி செய்திடுங்கள். பின்னர் போட்டோஷாப்பை மூடிய நிலையில் புதிய கம்ப்யூட்டரில் அதே போல்டரில் ஒட்டி, தொகுப்பைத் திறந்தால் பெயர் பட்டியலில் வந்துவிடும். இரண்டிலும் ஒரே பதிப்பு இருப்பது நல்லது.

எதுவும் பலிக்கவில்லையா? போட்டோஷாப்பைத் திறக்கும்போதே கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் கீகளை ஒன்றாக அழுத்திப் பிடியுங்கள். செட்டிங்ஸ் பைலை நீக்கவா என்று கேட்கும். சம்மதித்தால் உங்களின் மற்ற அமைப்புகளும் மாறிவிடும் என்பதால், மேலே சொன்ன காப்பியை எடுத்த பிறகு கடைசி வழியாக மட்டும் இதனைப் பயன்படுத்துங்கள்.