காற்றாடி ஓவன்: வாங்கும்போதும் முதல் நாளும் கவனிக்க வேண்டியவை



தீபாவளி நெருங்கினால் லயத்து வீடுகளில் புதுச் சாமான் வந்து இறங்கும். இப்போது பல வீடுகளுக்கு வருவது, மேசைமேல் வைக்கும் காற்றாடி ஓவன். நல்ல சாமான்தான். ஆனால் ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு நாள் மாலை, ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் என்னிடம் ஓடிவந்தார். கேக் வேகுவதைப் பார்க்கப் போன பிள்ளை, ஓவனின் கண்ணாடிக் கதவில் இரண்டு கைகளையும் வைத்துவிட்டது. "எரிச்சல் அடங்கும்னு பற்பசை தடவிட்டேன், டிரஸர் ஐயா" என்றார். அந்தப் பற்பசையைக் கழுவி எடுக்கும்போது பிள்ளை பட்ட வேதனைதான் என்னை இதை எழுத வைத்தது.

இது எப்படி வேலை செய்கிறது?

உள்ளே சூடாகும் கம்பிகள் உண்டு. பின்னால் ஒரு சிறு காற்றாடி அந்தச் சூட்டை எல்லாப் பக்கமும் சுழற்றிவிடும். அதனால் சாதாரண ஓவனைவிடச் சீக்கிரம் வேகும். சமையல் புத்தகத்தில் 200 டிகிரி என்றிருந்தால், இதில் 180 வைத்தால் போதும்.

எண்ணெயும் மிச்சம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. கோழியையும் மீனையும் பொரிக்காமல் இதில் வாட்டினால், இனிப்புநீர், இருதய நோய் உள்ளவர்களுக்கு நல்லது. ஆனால் தினமும் கேக் சுட்டால் பலன் இல்லை. ஓவனில் வெந்தாலும் சீனி சீனிதான்!

கடையில்

சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மலிவு என்று முத்திரை இல்லாததை வாங்காதீர்கள். மூன்று கால் பிளக் இருக்க வேண்டும். உத்தரவாத அட்டையையும் ரசீதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கே வைப்பது?

பலகைச் சுவர், திரைச்சீலை, கேஸ் தோம்பு இவற்றின் அருகில் வேண்டாம். சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மேலே துணியோ பிளாஸ்டிக்கோ வைக்காதீர்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டாத, ஆடாத மேசையாக இருக்கட்டும்.

பிளக்கைச் சுவர் சாக்கெட்டிலேயே நேராகச் செருகுங்கள். 13 ஆம்பியர் சாக்கெட் சுமார் 3,000 வாட்தான் தாங்கும். ஓவன் 1,500 வாட், தண்ணீர் கெத்தல் 2,000 வாட் என்றால் இரண்டும் சேர்ந்து 3,500. ஒரே நீட்டு ஒயரில் இரண்டையும் போட்டால் ஒயர் உருகும், வீடே பற்றிக்கொள்ளும். பிளக் சுட்டாலோ கருகிய வாடை வந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

முதல் நாள்

உள்ளே இருக்கும் அட்டை, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடுங்கள். தட்டையும் கம்பி வலையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடையுங்கள். பிறகு சன்னல்களைத் திறந்துவைத்து, வெறும் ஓவனை 200 டிகிரியில் 15 நிமிடம் ஓடவிடுங்கள். கொஞ்சம் புகையும் வாடையும் வரும். தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் எரிவதுதான், பயப்பட வேண்டாம். பிள்ளைகளையும் இழுப்பு நோய்க்காரரையும் வெளியே உட்காரச் சொல்லுங்கள்.

ஆறியதும் ஈரத் துணியால் துடைத்து, அப்புறம் சமையுங்கள். முதலில் கெம்போங் மீனை 180 டிகிரியில் 20 நிமிடம் வைத்துப் பாருங்கள். எண்ணெய் சொட்ட, அடியில் தட்டு இருக்கட்டும். கோழி என்றால், குத்திப் பார்க்கும்போது சிவப்பு நீர் வராமல் இருக்க வேண்டும்.

சுட்டுவிட்டால்?

ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். வளையல், மோதிரத்தை வீங்குமுன் கழற்றுங்கள். பற்பசை, கிச்சாப், வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடுங்கள். காயம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகம், கை, மூட்டு என்றாலோ, சின்னப் பிள்ளை என்றாலோ, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்தப் பிள்ளையின் கைகள் ஆறிவிட்டன. ஓவன் இப்போது உயரமான மேசைக்குப் போய்விட்டது. உங்கள் வீட்டில் முதல் நாளே அங்கே வைத்துவிடுங்கள்.