கையெழுத்துப் போட்டால் கதை முடிந்து விடாது!

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள், வேலை ஆர்டரை நகல் எடுக்க வருவர். சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பார்களே தவிர, கடைசிப் பக்கத்தைப் புரட்ட மாட்டார்கள். 'தகராறு வந்தால், நிர்வாகம் நியமிக்கும் நடுவரிடம் தான் தீர்த்துக் கொள்ள வேண்டும்' என்று சில ஆர்டர்களில், பொடி எழுத்தில், இங்கிலீஷில் இருக்கும்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தியை, மூன்று மாத சம்பளத்தைப் பாக்கி வைத்து, வேலையை விட்டு நிறுத்தி விட்டனர். கேட்கப் போனால், 'நீதான் கையெழுத்துப் போட்டிருக்கியே... கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது. மும்பைக்குப் போய் நடுவர்கிட்ட சொல்லு' என்றார்களாம். பஸ்சுக்கே காசில்லாதவள், மும்பைக்கு எங்கே போவாள்? எனக்குத் தெரிந்த வக்கீல் அம்மாவிடம் அழைத்துப் போனேன்.

அவர் சொன்ன விவரம், நம் எல்லாருக்கும் உதவும். 1947ம் வருட தொழில் தகராறு சட்டத்திலேயே நடுவர் முறை உண்டு. ஆனால், தகராறு கிளம்பும் போது, இரு தரப்பும் மனம் ஒத்து எழுதிக் கொடுப்பது அது. பழைய சட்டத்துக்குப் பதிலாக, 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. வேலையில் சேரும் அன்றே வாங்கிக் கொள்ளும் கையெழுத்து அதற்கு ஈடாகாது.

கிங்பிஷர் விமான கம்பெனி ஊழியர்கள், சம்பள பாக்கிக்காக தொழிலாளர் கோர்ட்டுக்குப் போன போது, நிர்வாகம், 'நடுவரிடம் போங்கள்' என்றது. தொழிலாளர் சட்டம் தரும் உரிமையைத் தனியார் நடுவரிடம் தள்ளி விட முடியாது என்று, 2012ல் மும்பை ஐகோர்ட் கூறி விட்டது.

மேனேஜர்களுக்கும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் சூபர்வைசர்களுக்கும் இந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. அவர்களை ஒப்பந்தம் கட்டுப்படுத்தலாம். ஆனாலும், வழக்கில் சம்பந்தப்பட்ட ஒரு தரப்பே தன்னிச்சையாக நடுவரை நியமிக்கக் கூடாது என்று, 2019ல் ஒரு ஒப்பந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அதோடு, பெயருக்கு, 'எக்சிகியூடிவ்' என்று போட்டிருந்தாலும், செய்யும் வேலை என்ன என்பதைத்தான் கோர்ட் பார்க்கும்.

அந்தப் பெண், தொழிலாளர் துறை சமரச அதிகாரியிடம் மனு கொடுத்து விட்டாள். அங்கே முடியாவிட்டால் தீர்ப்பாயம் இருக்கிறது என்ற தைரியம் வந்திருக்கிறது.

வேலைக்குப் போகும் சகோதரிகளே... ஆர்டர், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நகல்களை வீட்டில் பத்திரமாக வையுங்கள். யாராவது மிரட்டினால், பயந்து ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள். மனு கொடுப்பதற்கும் கால வரம்பு உண்டு என்பதால், 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப் போடாதீர்கள்!

— ஒரு வாசகி, பூந்தமல்லி.